ரூத்தோடு நான்கு வாரம்: வேதத்தை அன்றாட வேலையோடு சேர்த்து வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மாமிக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிய வருஷம்தான் எனக்கு வேதம் வாசிக்கத் தெரிந்தது. அதற்கு முன்பும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். காலையில் ஒரு அதிகாரம். கண் வரிகளில் ஓடும், மனசு அடுப்பில் இருக்கும். மூடிவைத்த பின் என்ன வாசித்தாய் என்று யாராவது கேட்டிருந்தால் பதில் வந்திருக்காது. மாமிக்கு எழுத்து தெரியாமல் போனபோது, தன் பழைய பைபிளை என் மடியில் வைத்து, "நீ வாசி மக்ளே, நான் கேக்கேன்" என்றார்கள். எதிரே கேட்பதற்கு ஒருவர் உட்கார்ந்ததும் என் அவசரம் எடுபடவில்லை. நாலு வசனத்துக்கு ஒருமுறை "நில்லு, அத இன்னொருக்கா வாசி" என்பார்கள்.

அந்த மாதங்களில் நாங்கள் ரூத் புத்தகத்தை வாசித்த முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஜனவரியில் ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுபோனவர்கள், வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் கால் மணி நேரம்தான் கிடைக்கிறது என்பவர்கள், வாசித்தும் ஒன்றும் ஒட்டவில்லையே என்று வருத்தப்படுகிறவர்கள், இவர்களை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

1. ஒரு சின்னப் புத்தகத்தைத் தேர்ந்தெடுங்கள்

நம் சபைகளில் பயன்படும் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். வார நாட்களில் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும் என்று பெரியவர்கள் கணக்குச் சொல்வார்கள். கணக்கு சரிதான்: வாரத்துக்கு 23, 52 வாரத்துக்கு 1196. வாசித்துப் பழகியவர்களுக்கு அது நல்ல வழி. புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது ஓட்டப்பந்தயமாகிவிடுகிறது. ஒரு நாள் தவறினால் மறுநாள் ஆறு, இன்னொரு நாள் தவறினால் ஒன்பது. அப்புறம் புத்தகத்தைப் பார்த்தாலே குற்ற உணர்வு.

இன்னொரு பழக்கம், ஒரு வசனத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. டிசம்பர் 31 இராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். எனக்கும் அந்த அட்டைகளின் மேல் அன்பு உண்டு, இன்னும் பீரோ கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன். ஆனால் அட்டையில் இருப்பது ஒரு கடிதத்திலிருந்து கத்தரித்த ஒரு வரி என்பதை மறக்கக் கூடாது. எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." பரீட்சைக்கும் விசாவுக்கும் கல்யாணத்துக்கும் இந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்கிறோம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். அதற்கு முந்திய வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. கடிதத்தை முதன்முதலில் வாசிக்கக் கேட்டவர்களில் பெரியவர்கள் பலர் திரும்பிப் போகும் நாளைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குத்தான், "வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி" வாழுங்கள் என்றும், தங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்துக்காக விண்ணப்பம் பண்ணுங்கள் என்றும் சொல்லியிருக்கிறது. முழுக் கடிதத்தையும் வாசித்தவருக்கு அந்த வாக்குத்தத்தம் இன்னும் ஆழமாகும். பிடிக்காத ஊருக்கு மாற்றலாகிப் போனவருக்கு, அட்டையில் உள்ள வரியைவிட அந்தத் தோட்டம்தான் கை கொடுக்கும்.

ஆகவே வருஷமும் வேண்டாம், ஒற்றை வசனமும் வேண்டாம். ஒரு புத்தகம் எடுங்கள். ரூத் நான்கு அதிகாரம், 85 வசனம். அதில் கடல் பிளப்பதில்லை, வானத்திலிருந்து அக்கினி விழுவதில்லை. பஞ்சம், பிழைக்கப் போன இடத்தில் சாவு, மாமியார், மருமகள், கூலி வேலை, சாப்பாட்டு வேளை, நிலத்தை மீட்கும் பேச்சு, ஒரு குழந்தை. கர்த்தர் நேரடியாக ஒன்றைச் செய்தார் என்று கதை சொல்வது இரண்டே இடத்தில்: தம்முடைய ஜனங்களுக்கு ஆகாரம் அருளினார் (1:6), ரூத் கர்ப்பந்தரிக்க அநுக்கிரகம்பண்ணினார் (4:13). மீதியெல்லாம் மனுஷர் காலையில் எழுந்து வேலைக்குப் போவதுதான். நம் நாட்களும் பெரும்பாலும் அப்படித்தானே போகின்றன.

2. இரண்டு மொழிபெயர்ப்பு வைத்துக்கொள்ளுங்கள்

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அங்கேயே அச்சாகி வெளிவந்தது. அதற்குப் பின் எத்தனையோ கைகள் பட்டு, ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871-இல் தந்ததுதான் நாம் "பழைய திருப்புதல்" என்றும் ஓ.வி. என்றும் சொல்லும் பைபிள். நம் ஜெபங்களும் கீர்த்தனைகளும் அந்தத் தமிழில் ஊறியவை. அதை விட்டுவிடாதீர்கள். சத்தமாக வாசிக்க அதற்கு இணை இல்லை என்பது என் எண்ணம்.

பக்கத்தில் இன்றைய தமிழில் ஒன்றும் இருக்கட்டும். கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து உழைத்து 1995-இல் வெளியிட்ட திருவிவிலியம் நல்ல துணை. முதலில் ஓ.வி., புரியாத இடத்தில் மட்டும் மற்றது. இரண்டையும் மாறி மாறி வாசித்தால் இரண்டுமே மனதில் தங்காது.

3. நேரத்தை ஏற்கெனவே இருக்கும் ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள்

"காலை ஐந்து மணி" என்று தீர்மானித்தால் மூன்று நாள் நிற்கும். "பால் காய்ச்சி இறக்கியதும்" என்றால் நிற்கும், ஏனென்றால் பால் தினமும் காய்ச்சித்தான் ஆக வேண்டும். கடை வைத்திருப்பவருக்கு ஷட்டரைத் தூக்கிய பின் முதல் பத்து நிமிஷம். பேருந்தில் போகிறவருக்கு உட்கார இடம் கிடைத்ததும். இடமும் ஒன்றாக இருக்கட்டும். எங்களுக்கு அடுக்களை வாசல் படி. பைபிள் பீரோவுக்குள் இருந்தால் எடுக்கவே தோன்றாது, அந்தப் படிக்குப் பக்கத்திலேயே துணிப்பையில் தொங்கட்டும். செல்போனில் வாசிப்பது பாவமில்லை, ஆனால் இந்த நான்கு வாரம் மட்டும் அச்சிட்ட புத்தகம் எடுங்கள். அடுத்த படிகளில் பென்சில் வேண்டியிருக்கிறது.

4. முதல் நாள் முழுப் புத்தகத்தையும் ஒரே இருப்பில் வாசியுங்கள்

இருபது நிமிஷம் போதும். எதையும் குறிக்க வேண்டாம், யோசிக்கவும் வேண்டாம், கதை கேட்பது போலக் கேளுங்கள். அதிகார எண்களையும் வசன எண்களையும் கண்டுகொள்ளாதீர்கள். அவை மூலத்தில் இல்லை. அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில்தான் வந்தது, வசன எண்கள் அதற்கும் பின்னால். மறுநாளிலிருந்து வாரத்துக்கு ஓர் அதிகாரம். ஒரே அதிகாரத்தை ஏழு நாளும் வாசிக்க வேண்டும். மூன்றாம் நாள் சலிப்பு வரும், ஐந்தாம் நாள் வரை பொறுங்கள். அதுவரை கண்ணில் படாதது ஒன்று பெரும்பாலும் அங்கேதான் படும்.

5. வாய்விட்டு வாசியுங்கள்

எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறான். பிலிப்பு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவன் வாசிப்பதைக் "கேட்டு"தான் பேச்சைத் தொடங்குகிறான் (அப்போஸ்தலர் 8:30). தனியாகப் போகும்போதும் அந்த மனுஷன் சத்தமாகத்தான் வாசித்திருக்கிறான். முதலாம் சங்கீதம் "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன்" என்கிறது. தியானம் என்றதும் நாம் கண்ணை மூடி உட்காருகிறோம். அந்த இடத்தில் உள்ள எபிரெயச் சொல் வாய்க்குள் முணுமுணுப்பதைக் குறிப்பது. ஏசாயாவில் இரையைப் பிடித்த சிங்கத்தின் உறுமலுக்கும், "புறாவைப்போல் புலம்பினேன்" என்கிற இடத்துக்கும் அதே சொல்தான் வருகிறது. அப்படியானால் வேத தியானம் என்பது தொண்டையும் நாக்கும் சேர்ந்து செய்கிற காரியம்.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இரண்டாம் அதிகாரம் ஓடிக்கொண்டிருந்த வாரம். கணவனை இழந்து, மாமியார் நகோமியோடு மோவாப் தேசத்திலிருந்து வந்த ரூத் வயலில் கதிர் பொறுக்குகிறாள். சாப்பாட்டு வேளையில் வயலின் சொந்தக்காரன் போவாஸ் அவளைக் கூப்பிட்டு வறுத்த கோதுமை கொடுக்கிறான். "அவள் சாப்பிட்டுத் திருப்தியடைந்து, மீந்ததை வைத்துக்கொண்டாள்" என்று வாசித்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போனேன். மாமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். கை நின்றது.

"யாருக்கு?"

"என்ன மாமி?"

"மீந்தத வச்சுக்கிட்டாளே, யாருக்கு வச்சா?"

எனக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து கேட்ட கதை, ஓய்வுநாள் பள்ளியில் ரூத்தாக வேஷம்கூடப் போட்டிருக்கிறேன். அன்றைக்குத் தெரியவில்லை. தொடர்ந்து வாசித்தேன். நான்கு வசனம் தாண்டி, பொறுக்கினதைச் சுமந்துகொண்டு ஊருக்குள் வருகிறாள். தானியத்தை நகோமி பார்க்கிறாள். அதற்குப் பின், "தான் திருப்தியாய்ச் சாப்பிட்டு மீதியாக வைத்ததையும் எடுத்து அவளுக்குக் கொடுத்தாள்" என்று வருகிறது. ஒரு மரக்கால் வாற்கோதுமை கையில் இருக்கிறது, மாவாக்கி அப்பம் சுட்டுச் சாப்பிட்டுக்கொள்ளலாம். ஆனாலும் மத்தியானமே அவள் மடியில் ஒரு பிடி முடிந்துவைத்திருக்கிறாள், வீட்டில் பசியோடு இருக்கிறவளுக்காக. மாமி ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி கீரையை உருவ ஆரம்பித்தார்கள். எனக்குத்தான் அன்று முழுவதும் அந்த ஒரு பிடி கோதுமை கூடவே வந்தது.

கண்ணால் மட்டும் ஓட்டியிருந்தால் "மீந்ததை" என்ற சொல்லைத் தாண்டிப் போயிருப்பேன். கேட்க ஆள் இல்லாவிட்டாலும் உங்கள் காதுக்குக் கேட்கும்படி வாசியுங்கள்.

6. திரும்பி வரும் சொல்லைப் பென்சிலால் குறியுங்கள்

விளக்கவுரையைத் திறப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஓர் உதாரணம் தருகிறேன், மற்றதை நீங்களே கண்டுபிடிக்கும் சந்தோஷத்தை நான் கெடுக்க மாட்டேன். மோவாபிலிருந்து திரும்பி வந்த நகோமி ஊர்ப் பெண்களிடம், "நான் நிறைவுள்ளவளாய்ப் போனேன், கர்த்தர் என்னை வெறுமையாய்த் திரும்பிவரப்பண்ணினார்" என்கிறாள் (1:21). அவள் பக்கத்தில் ரூத் நிற்கிறாள். இவ்வளவு தூரம் கூட நடந்து வந்தவளை வைத்துக்கொண்டே "வெறுமை" என்கிறாள் என்றால், துக்கம் எப்படிக் கண்ணை மறைக்கிறது பாருங்கள். இப்போது 3:17-க்குப் போங்கள். ஆறுபடி வாற்கோதுமையோடு வந்த ரூத், நீ உன் மாமியிடம் "வெறுமையாய்" போகவேண்டாம் என்று போவாஸ் சொன்னதாக நகோமியிடம் சொல்கிறாள். முதல் அதிகாரத்தில் விழுந்த அதே சொல். நகோமியின் புகாருக்குப் பதில் வந்துகொண்டிருக்கிறது. வானத்திலிருந்து அல்ல, ஒரு மருமகளின் முந்தானையில். கடைசியில் நகோமி ஒரு பிள்ளையையே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்கிறாள் (4:16).

7. தெரிந்த சொல்லைச் சந்தேகப்படுங்கள்

தெரியாத சொல் தொல்லை தராது, அதை அகராதியில் பார்த்துவிடுவோம். "காடி" என்றால் இங்கே புளித்த திராட்சைரசம். நம்மை ஏமாற்றுவது தெரிந்தது போலத் தோன்றும் சொல். ஓ.வி.யில் "சுதந்தரம்" என்றால் பெரும்பாலான இடங்களில் விடுதலை என்று பொருளில்லை. வாரிசாக வரும் சொத்து, பங்கு. "பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம்" என்ற வசனத்தை எத்தனை கல்யாண வீட்டில் கேட்டிருப்போம். அங்கே கர்த்தர் கையிலிருந்து வரும் ஆஸ்தி என்று அர்த்தம்.

ரூத் புத்தகத்துக்கே சாவியாக இருக்கும் சொல் "சுதந்தரவாளி". போவாஸ் அப்படிப்பட்டவன் என்று நகோமி சொல்கிறாள். நிலத்தை விற்கும் நிலைக்கு வந்த உறவினருக்காக அதை மீட்டுக்கொடுக்கும் கடமை உள்ள நெருங்கிய சொந்தக்காரன் அவன். லேவியராகமம் 25:25-இல் அந்தச் சட்டம் இருக்கிறது. இது புரியாவிட்டால் நான்காம் அதிகாரத்தில் ஊர் வாசலில் உட்கார்ந்து பேசுவதும், ஒருவன் பாதரட்சையைக் கழற்றிக் கொடுப்பதும் என்னவென்றே விளங்காது. இந்த மாதிரி சொல் வரும்போதுதான் திருவிவிலியத்தையும் ஒத்துவாக்கியக் குறிப்புகளையும் (தொடர்புள்ள மற்ற வசனங்களைக் காட்டுபவை) திறக்க வேண்டும். நோட்டில் நாலைந்து சொல் எழுதினால் போதும்.

8. வாசித்ததிலிருந்து ஒன்றை அன்றே கையால் செய்யுங்கள்

என்னைப் பொறுத்தவரை இதுதான் இந்த வழிகாட்டியின் நெஞ்சு. வாசித்ததை ஜெபத்தோடு முடித்துவிட்டால் அது நம்மை ஒன்றும் செய்யாமல் போய்விடும்.

போவாசின் வயலில் ரூத் பொறுக்க முடிந்ததற்குக் காரணம் ஒரு சட்டம். அறுக்கும்போது "உன் வயலின் ஓரத்திலிருக்கிறதைத் தீர அறுக்காமலும்" சிந்தினதைப் பொறுக்காமலும் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் (லேவியராகமம் 19:9, 10). பலரும் பாதியில் நின்றுபோகும் அதே லேவியராகமம்தான். போவாஸ் சட்டத்துக்கு மேலும் ஒரு படி போகிறான். அரிகளிலிருந்து வேண்டுமென்றே சிலவற்றைச் சிந்தவிடும்படி வேலைக்காரரிடம் சொல்லி, அவளை அதட்டவும் கூடாது என்கிறான். கொடுப்பவன் முகம் தெரியாது, வாங்குகிறவள் கை நீட்ட வேண்டியதும் இல்லை. பிச்சை வாங்கின கூச்சம் இல்லாமல் அவள் உழைத்துச் சம்பாதித்ததாகவே வீட்டுக்குக் கொண்டுபோகிறாள்.

எனக்கு வயல் இல்லை. ஆனால் துணி துவைக்க வரும் அக்கா அந்த மாதம் இரண்டு நாள் வரவில்லை, சம்பளத்தில் பிடித்திருந்தேன். அவருடைய மகளுக்குக் காய்ச்சல். அந்த இரண்டாம் அதிகாரத்தை ஏழு நாள் வாசித்த பின் அந்தப் பணம் என் கையில் இருக்கச் சம்மதிக்கவில்லை. திருப்பிக் கொடுத்தேன். "தீர அறுக்காமல்" என்றால் எங்கள் வீட்டில் இனி இதுதான் என்று அன்று முடிவானது: லீவுக்குச் சம்பளம் பிடிப்பதில்லை, கீரைக்கட்டுக்குப் பேரம் இல்லை. உங்கள் வயலின் ஓரம் எது என்று உங்களுக்குத்தான் தெரியும். கடைக்காரருக்கு அது கடன் நோட்டில் ஒரு வரியாக இருக்கலாம், வீட்டு உரிமையாளருக்கு அட்வான்சாக இருக்கலாம்.

சின்னதாக வேண்டுமென்றால் 2:4 இருக்கிறது. போவாஸ் வயலுக்கு வந்ததும் கூலிக்காரரைப் பார்த்து, "கர்த்தர் உங்களோடே இருப்பாராக" என்கிறான், அவர்களும் பதிலுக்கு ஆசீர்வதிக்கிறார்கள். கண்காணியிடம் மற்றதை விசாரிப்பது அதற்குப் பிறகுதான். ஒரு வாரம் அலுவலகத்தில் அப்படித் தொடங்கிப் பாருங்கள், முதலில் முகம் பார்த்து நலம் விசாரிப்பது, வேலை அடுத்து.

9. அந்த அதிகாரத்தின் வார்த்தையாலேயே ஜெபியுங்கள்

நீளம் வேண்டாம். "ஆண்டவரே, நானும் வெறுமையாய் வந்திருக்கிறேன்" போதும். நகோமி "மாராள்", அதாவது கசப்பானவள், என்று தன் பெயரையே மாற்றிக்கொண்டு கசப்பைச் சொன்னாள், யாரும் அவளைக் கண்டிக்கவில்லை. கசப்போடு இருக்கும் நாளில் கசப்பாகவே ஜெபிக்கலாம்.

10. வாரத்தில் ஒரு நாள் இன்னொருவரோடு வாசியுங்கள்

"ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் அது எனக்கு எப்படித் தெரியும்" என்றான் இரதத்தில் வாசித்த அந்த எத்தியோப்பிய மந்திரி. குடும்ப ஜெபம் நடக்கும் வீடானால் சனிக்கிழமை அந்த வார அதிகாரத்தை வையுங்கள். பிள்ளைகளிடம் "இதில் என்ன பாடம்?" என்று கேட்காதீர்கள், பள்ளிக்கூட நினைவு வந்து வாயை மூடிக்கொள்வார்கள். "உனக்கு எது விசித்திரமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். என் மகன், ராத்திரி களத்தில் தானியம் தூற்றிவிட்டு போவாஸ் ஏன் அங்கேயே படுத்துக்கொண்டான் என்று கேட்டான். களத்து நெல்லுக்குத் தன் அப்பா காவலுக்குப் படுத்த கதையை மாமி சொன்னார்கள். தானியக் குவியலைத் தலைமாட்டில் வைத்துப் படுப்பது என்றால் என்னவென்று எந்த விளக்கவுரையும் எங்களுக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது.

11. விட்டுப்போன நாளை விட்டுவிடுங்கள்

காய்ச்சல், ஆஸ்பத்திரி, விருந்தாள், பரீட்சை, ஏதாவது வரும். பாக்கி வைத்து வாசிக்க இது கந்துவட்டி இல்லை. அன்றைய நாளிலிருந்து தொடருங்கள். வாசிக்கவே மனம் வராத நாட்களும் உண்டு. அப்போது ரூத்தை மூடிவிட்டு 13-ஆம் சங்கீதம் எடுங்கள்: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" ஆறே வசனம். அதுவும் முடியாதபோது 88-ஆம் சங்கீதம். அதன் கடைசி வசனத்தில்கூட ஆறுதல் வருவதில்லை. ஆனாலும் அது வேதத்துக்குள்தான் இருக்கிறது, அந்த நிலையில் உள்ளவருக்கும் அங்கே இடம் இருக்கிறது.

12. நான்காவது வாரம் முடிந்ததும்

முதல் நாள் போலவே மறுபடி முழுப் புத்தகத்தையும் ஒரே இருப்பில் வாசியுங்கள். நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வசனங்களில் வரும் பெயர் வரிசையைத் தாண்டாதீர்கள், அது தாவீதில் போய் முடிகிறது. பிறகு மத்தேயு முதல் அதிகாரத்தைத் திறந்து ஐந்தாம் வசனத்தைப் பாருங்கள். மோவாபிலிருந்து வந்த அந்தப் பரதேசிப் பெண் அங்கே இயேசுவின் வம்ச வரலாற்றில் பெயரோடு நிற்கிறாள்.

ஒரு வாரம் ஓய்வு எடுத்துக்கொண்டு மாற்கு சுவிசேஷத்துக்குப் போங்கள். 16 அதிகாரம், வாரத்துக்கு ஒன்று என்றால் ஏறக்குறைய நாலு மாதம். பென்சிலைச் சீவிவைத்துக்கொள்ளுங்கள். அதில் "உடனே" என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். முதல் அதிகாரத்தில் மட்டும் அது எங்கெங்கே வருகிறது, யார் யாரை எழுப்பி ஓடவைக்கிறது என்று குறித்துக்கொண்டு தொடங்குங்கள்.